கடைசியில் சுவரைத் தொடுபவன்

மம்பஹாவ்,
ஜூன் 9

டோங் பிஸ்தோ, என் சின்னத் தம்பி,

குழந்தை ஏசு சான்டோ நினோ புண்ணியத்தில் இங்கே நானும் என் பேக்கரி அடுப்பும் குறைவில்லாமல் எரிந்துகொண்டிருக்கிறோம். நீயும் உன் அண்ணன் குயா செல்மோவும் அங்கே உயிரோடுதான் இருக்கிறீர்களா என்பதை யாராவது எழுத்தில் தெரிவித்தால் தேவலை. மணிலா நீச்சல் முகாமுக்குப் போய் ஒன்றரை மாதம் ஆகிறது. தாயில்லாத இரண்டு தம்பிகளை வளர்த்து ஆளாக்கிய அக்காவுக்கு ஒரு கடுதாசி கிடையாது. செல்மோ எழுத மாட்டான், தெரியும். பேனா அவனுக்குத் துடுப்பை விடக் கனம். உனக்கு என்ன கேடு?

போன சனிக்கிழமை நம் ஊர்த் தலைவர் கபித்தான் எலியூத் ரொட்டி வாங்க வந்தார். "என்ன பூரிங், இந்தத் தடவையாவது தங்கமா, இல்ல வழக்கம்போல கையை வீசிக்கிட்டு வர்றதா?" என்றார். வந்த ஆத்திரத்தில் கருகினதாகப் பார்த்துப் பொறுக்கிப் பைக்குள் போட்டுக் கொடுத்தேன். ஆனால் அந்த மனுஷர் கேட்டதில் என்ன பொய்? செல்மோ மூன்று முறை தென்கிழக்காசியப் போட்டிக்குப் போய்விட்டான். இரண்டு முறை நாலாமிடம், ஒரு முறை வெண்கலம். இனித் தோள் தாங்காது, இதுதான் கடைசி என்று அவனே சொல்லிவிட்டான். தனியாக நீந்தி ஜெயிக்கிற வயசும் அவனுக்குப் போய்விட்டது. மிச்சமிருப்பது நாலு பேர் மாற்றி மாற்றி நீந்தும் அந்த ஃப்ரீஸ்டைல் ரிலே ஒன்றுதான். அதில் நீயும் இருக்கிறாய். உன் அண்ணன் கழுத்தில் ஒரு தங்கம் விழாமல் ஜகார்த்தாவிலிருந்து என் வாசலுக்கு வந்து நிற்காதே.

ஈரத் தலையோடு படுக்காதே. பதில் எழுது.

மனாங் பூரிங்


மணிலா,
ஜூன் 28

அன்பு மனாங்,

உங்கள் கையை வாங்கி என் நெற்றியில் ஒற்றிக்கொண்டு தொடங்குகிறேன். கோபித்துக்கொள்ளாதீர்கள். காலையில் தண்ணீர், மத்தியானம் தூக்கம், மாலையில் மறுபடி தண்ணீர். விரல் நுனியெல்லாம் சுருங்கிப்போய்ப் பேனா வழுக்குகிறது. நாங்கள் இருவரும் நலம். இங்கே போடும் ரொட்டியை நீங்கள் பார்த்தால் சமையல்காரரைப் போலீசில் பிடித்துக் கொடுப்பீர்கள்.

குயாவின் தோள் பரவாயில்லை. தேங்காயெண்ணெயில் இஞ்சி போட்டுக் காய்ச்சி நான்தான் தேய்த்துவிடுகிறேன். "இன்னும் அழுத்தித் தேய்டா, நீ என்ன கன்னியாஸ்திரியா?" என்று திட்டுவார்.

ஒரு நல்ல செய்தி. கோச் பெலார்மினோ ரிலே வரிசையைச் சொல்லிவிட்டார். குயா முதலில் பாய்கிறார். நடுவில் மணிலாப் பையன்கள் இருவர். கடைசியில் நான். நேற்று அந்த வரிசையில் நீந்திப் பார்த்தோம். கோச்சுக்கே கையில் இருந்த கடிகாரத்தின் மேல் சந்தேகம் வந்துவிட்டது. மனாங், இந்த முறை நிஜமாகவே நடக்கும் போலிருக்கிறது.

உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

உங்கள்
பிஸ்தோ


மம்பஹாவ்,
ஜூலை 8

டோங்,

என் முழங்காலைப் பற்றி அப்புறம் பேசலாம். உன் கடிதத்தைப் படித்து எனக்கு வேறு இடத்தில் வலி எடுத்துவிட்டது.

செல்மோ முதலில், நீ கடைசியில் என்று எழுதியிருக்கிறாய். அதையும் நல்ல செய்தி என்கிறாய்! உனக்கு மூளை இருக்கவேண்டிய இடத்தில் கோச் தண்ணீரை நிரப்பிவிட்டாரா? நம் ஊர் ஊர்வலத்தை நீ பார்த்ததே இல்லையா? முன்னால் போகிறவன் மேளக்காரன். அவனுக்குப் பின்னால் பள்ளிக்கூடப் பிள்ளைகள், சின்னச் சின்னச் சுரூபங்கள். ஊரே முழங்கால் போட்டு வணங்குகிற சுரூபம் எப்போது வரும்? எல்லாருக்கும் கடைசியில் வரும். உன் குயா என்ன மேளக்காரனா?

சுவரைத் தொடுகிறவனைத்தான் படம் பிடிப்பார்கள். ரேடியோவில் அவன் பெயரைத்தான் கத்துவார்கள். நேற்று முளைத்த நீ கையைத் தூக்கிக்கொண்டு நிற்க, மூன்று போட்டியாகத் தேய்ந்தவன் ஓரத்தில் துண்டைப் போர்த்திக்கொண்டு கை தட்ட வேண்டுமா? ஊரில் என் முகத்தை எங்கே வைத்துக்கொள்வேன்? கபித்தான் எலியூத் என்ன சொல்வார் தெரியுமா? "அண்ணன் எடுத்துக் கொடுத்தான், தம்பி ஜெயிச்சான்" என்பார். அந்த ஆள் அதைச் சாகிறவரைக்கும் சொல்லுவார்.

கோச்சிடம் போய்ப் பேசு. செல்மோ கடைசியில் வரவேண்டும். இது உன் அக்கா சொல்கிற வார்த்தை.

முழங்கால் அப்படியேதான் இருக்கிறது, கேட்டதற்கு நன்றி.

மனாங் பூரிங்


மணிலா,
ஆகஸ்ட் 2

அன்பு மனாங்,

உங்கள் கையை நெற்றியில் ஒற்றிக்கொள்கிறேன். பதில் தாமதமானதற்கு மன்னியுங்கள். எப்படி எழுதுவது என்று யோசித்துக்கொண்டே நாள் போய்விட்டது.

மனாங், இது ஊர்வலம் மாதிரி இல்லை. முதல் ஆள் மட்டும்தான் வெடிச் சத்தத்துக்குப் பாய வேண்டும். மற்ற மூவரும் முன்னால் நீந்துபவர் சுவரைத் தொடுவதைப் பார்த்துப் பாய்வோம். வெடிக்குப் பாய்வதில் குயாவை மிஞ்ச எங்களில் ஆளில்லை. முதல் பாதியில் அவருக்குப் பறக்கிற வேகம் உண்டு. கடைசி ஆளுக்கு வேறு வேலை. பக்கத்தில் சிங்கப்பூர்க்காரன் வந்தால் துரத்த வேண்டும். குயாவின் தோள் கடைசிப் பத்து மீட்டரில் கனத்துவிடுகிறது. இதை அவரிடம் நான் சொன்னதில்லை, நீங்களும் சொல்லிவிடாதீர்கள்.

ஆனாலும் நீங்கள் எழுதியதற்காக அவரிடம் மெல்லக் கேட்டேன். "குயா, நீங்க கடைசியில போறீங்களா? கோச்கிட்ட நான் பேசட்டுமா?" என்றேன். சிரித்தார். ஈரத் துண்டை என் தலையில் எறிந்து, "போடா, போய் ஒழுங்கா நீந்துற வழியப் பாரு" என்றார். அவருக்கு வருத்தம் ஒன்றும் இருப்பதாகத் தெரியவில்லை.

லன்ஸோனஸ் காய்த்துவிட்டதா? வரும்போது எனக்கு ஒரு கூடை வேண்டும்.

உங்கள்
பிஸ்தோ


மம்பஹாவ்,
ஆகஸ்ட் 14

டோங்,

ஐயோ, உன்னை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன்! சிரித்தானாம், வருத்தம் தெரியவில்லையாம். உள்ளே வெந்துகொண்டிருக்கிறவன்தானடா அப்படிச் சிரிப்பான். அம்மாவை அடக்கம் செய்த அன்றைக்கு அவன் வந்தவர்களுக்கெல்லாம் சிரித்துச் சிரித்துக் காப்பி கொடுத்தான். உனக்கு அப்போது ஆறு வயசு, மேஜைக்கு அடியில் தூங்கிக்கொண்டிருந்தாய். எனக்குத் தெரியும் அவன் சிரிப்பு.

நீ பேசமாட்டாய் என்று தெரிந்து நானே கோச் பெலார்மினோவுக்கு மரியாதையாக இரண்டு பக்கம் எழுதினேன். ஊர்வல விஷயத்தையும் விளக்கினேன். அவர் அனுப்பிய பதிலைக் கேள்: "அம்மணி, உங்கள் ரொட்டியில் எவ்வளவு உப்புப் போடுவது என்று நான் கேட்டு எழுதுவதில்லை." அவ்வளவுதான். கையெழுத்துக்கூடக் கோணல். அந்த மனுஷர் என் ரொட்டியைத் தின்றிருந்தால் இப்படி எழுதியிருக்க மாட்டார். நானும் விடவில்லை, இன்னொரு கடிதம் போட்டிருக்கிறேன்.

நீ ஒன்றை மட்டும் புரிந்துகொள். செல்மோ வாய் திறந்து கேட்கமாட்டான். உனக்காகப் படிப்பை நிறுத்தியபோது கேட்டானா? உன் முதல் நீச்சல் உடுப்புக்காகத் தன் சைக்கிளை விற்றபோது சொன்னானா? அவன் கேட்பான் என்று நீ காத்திருந்தால் அவன் வாழ்க்கை முடிந்துவிடும். இது அவனுக்குக் கடைசி. உனக்கு இன்னும் எத்தனையோ போட்டி இருக்கிறது. கேட்காமல் கொடுக்கத் தெரியாவிட்டால் நீ என்ன தம்பி?

இதற்கு மேல் நான் சொல்லவில்லை.

மனாங் பூரிங்

பின்குறிப்பு: சொல்லவில்லை என்றேனே தவிர, மறந்துவிட்டேன் என்று நினைக்காதே.


மணிலா,
ஆகஸ்ட் 30

அன்பு மனாங்,

உங்கள் கை என் நெற்றியில். நாளை ஜகார்த்தாவுக்குக் கிளம்புகிறோம். குயா நன்றாகத் தூங்குகிறார், நன்றாகச் சாப்பிடுகிறார். எனக்குத்தான் இரண்டும் சரியாக இல்லை.

நீங்கள் எழுதியதைப் பலமுறை படித்தேன். பார்க்கிறேன், மனாங்.

பிஸ்தோ


மம்பஹாவ்,
செப்டம்பர் 17, மாலை

என் கண்ணே டோங், என் ராஜா செல்மோ, இரண்டு பேரும் சேர்ந்து படியுங்கள்!

மாவுக் கையோடு எழுதுகிறேன், எழுத்துப் புரியாவிட்டால் உங்கள் தலையெழுத்து. கபித்தான் வீட்டு ரேடியோவைத் திண்ணையின் மேல் தூக்கி வைத்திருந்தார்கள். ஊரே முற்றத்தில். முதலில் பிஸ்தோ பாய்ந்தான் என்று சொன்னதுமே நான் கத்திவிட்டேன். பக்கத்தில் இருந்தவள், "ஏன் பூரிங், முதல் ஆளு குதிச்சதுக்கே இந்தக் கூப்பாடா?" என்றாள். அவளுக்கு என்ன தெரியும்! கோச்சின் தலைக்குள் என் இரண்டாவது கடிதம் இறங்கிவிட்டது என்று எனக்கு அப்போதே புரிந்துவிட்டது.

அப்புறம் கடைசியில் செல்மோ. சிங்கப்பூர்க்காரன் நெருங்குகிறான், நெருங்குகிறான் என்று ரேடியோக்காரன் உயிரை வாங்குகிறான். கபித்தான் நாற்காலியில் ஏறி நின்றுவிட்டார். "தொட்டது அன்செல்மோ! அன்செல்மோ!" என்றதும் அவர் அப்படியே என்னைக் கட்டிக்கொண்டு அழுகிறார். கருகின ரொட்டி கொடுத்ததற்காக நான் மனசுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன். கோயில் மணி அடித்துக்கொண்டே இருக்கிறது. கபித்தான் பன்றியை நெருப்பில் ஏற்றிவிட்டார். நான் போகவேண்டும், ரொட்டி கேட்கிறார்கள்.

மறுநாள் காலை

கடிதத்தைத் தபாலில் போடுவதற்குள் கபித்தான் வந்தார். உள்ளே வராமல் வாசலிலேயே நின்றார். "பூரிங், ரேடியோ இன்னிக்கு வேற மாதிரி சொல்லுதும்மா" என்றார். எழுதிக் கொடுத்த வரிசைப்படி நீந்தவில்லையாம். தங்கத்தைத் திரும்ப வாங்கிவிட்டார்களாம்.

அது எப்படி? அதே நாலு பேர். அதே தண்ணீர். அவர்கள்தானே முதலில் தொட்டார்கள்? முற்றத்தில் இன்னும் பன்றி எலும்பு கிடக்கிறது. என்ன நடந்தது என்று எனக்கு யாராவது சொல்லுங்கள்.

பூரிங்


ஜகார்த்தா,
செப்டம்பர் 20

மனாங்,

நீங்கள் நலம் என்று நம்புகிறேன்.

கோச் எழுதிக் கொடுத்த வரிசை ஒன்று. நாங்கள் நீந்திய வரிசை வேறு. நம் ஊர்ப் போட்டிகளில் நாலு பெயரும் சரியாக இருந்தால் போதும், யார் எப்போது பாய்ந்தாலும் கேட்பாரில்லை. இங்கே மேடைக்குப் பின்னால் ஒருவர் காகிதத்தை வைத்துக்கொண்டு ஒவ்வொரு முகமாகப் பார்த்து நின்றிருக்கிறார். தவறு என்னுடையது. குயாவுக்கோ மற்றவர்களுக்கோ அதில் பங்கில்லை.

மேடையேறிப் பதக்கத்தைக் கழுத்தில் வாங்கிய பிறகுதான் கூப்பிட்டார்கள். குயா தானே கழற்றி அவர்கள் கையில் கொடுத்தார். அதற்கப்புறம் அவர் என்னிடம் பேசவில்லை. ஊருக்கு அவர் மட்டும் வருகிறார். கோச் என்னை அணியிலிருந்து நீக்கிவிட்டார். நான் மணிலாவில் ஏதாவது வேலை பார்த்துக்கொள்கிறேன்.

பிஸ்தோ


மம்பஹாவ்,
நவம்பர் 4

பிஸ்தோ,

இங்கே சுகத்துக்கு ஒரு குறைச்சலும் இல்லை. பேசாத ஒரு தம்பி வீட்டில், எழுதாத ஒரு தம்பி மணிலாவில். நான் சுவரோடு பேசிக்கொண்டிருக்கிறேன். சுவராவது எதிரே நிற்கிறது.

அக்டோபரில் இரண்டு கடிதம் போட்டேன், பதில் இல்லை. ஆகவே நானே யோசித்து ஒரு முடிவுக்கு வந்துவிட்டேன். கோச் கடைசி நேரத்தில் வரிசையை மாற்றினார். புதுக் காகிதத்தை அந்த அதிகாரிகளிடம் கொண்டுபோய்க் கொடுக்கச் சொல்லி உன்னிடம் தந்தார். நீ வாய் பார்த்துக்கொண்டு நின்று மறந்துவிட்டாய். அதுதானே? வேறு என்ன இருக்கமுடியும்? ஈஸ்ட் வாங்கிவா என்று அனுப்பினால் வினிகரோடு வந்து நிற்கிறவன்தானே நீ! ஒரு காகிதம், டோங். ஒரே ஒரு காகிதம். அண்ணனுடைய பத்து வருஷ உழைப்பை ஒரு காகிதத்தில் தொலைத்துவிட்டாயே.

செல்மோ அதிகாலையில் எழுந்து வந்து எனக்கு மாவு பிசைந்து கொடுக்கிறான். இரும்புக் கையால் பிசைந்து ரொட்டியெல்லாம் கல்லாகிறது, ஆனால் வாயைத் திறந்து நான் ஒன்றும் சொல்லவில்லை. கடலில் இறங்கவே மாட்டேன் என்கிறான். உன்னைப் பற்றிக் கேட்டால் எழுந்து போகிறான். ஒரே ஒரு தடவை பேசினான். "அவன் பயந்துட்டான், மனாங். கடைசி ஆளா நீந்தப் பயந்துட்டு, கோச் மாத்திட்டாருன்னு என்கிட்ட பொய் சொல்லிட்டான். பயமா இருக்குன்னு சொல்லியிருந்தா நான் தோள்ல தட்டிக் கொடுத்திருப்பேன்" என்றான். எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. நீ எதற்குப் பயப்பட வேண்டும்? நீ எப்போது பொய் சொன்னாய்? அவனிடம் மேலே கேட்டால் மாவை ஓங்கி அறைகிறான்.

தயவுசெய்து பதில் எழுது. திட்டியாவது எழுது.

மனாங் பூரிங்


மணிலா,
டிசம்பர் 1

மனாங்,

நலமாக இருக்கிறேன். ஒரு சோடாக் கம்பெனியின் கிடங்கில் வேலை. காகிதம் நான் மறந்ததுதான். குயா சொல்வதும் சரிதான், பயந்தேன்.

கிறிஸ்துமஸுக்கு வரமுடியாது, லீவு இல்லை. குயாவின் தோளுக்கு இஞ்சி எண்ணெய் காய்ச்சும்போது அடுப்பைத் தணித்து வையுங்கள். இல்லாவிட்டால் கசந்த வாடை வரும், தேய்க்க விடமாட்டார்.

பிஸ்தோ


மம்பஹாவ்,
ஜனவரி 6

பிஸ்தோ,

நான் செல்மோ. சுகமா. நான் சுகம்தான். கடிதம் எப்படித் தொடங்குவது என்று எனக்குத் தெரியாது, ஆகவே நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

இன்று காலை மாவு பிசையும்போது மனாங் வழக்கம்போல உன்னைத் திட்டிக்கொண்டிருந்தாள். நான் காதைக் கொடுக்கவில்லை. தினமும் நடப்பதுதான். திடீரென்று, "நான் எத்தனை தடவ எழுதினேன் அவனுக்கு! செல்மோதான் கடைசியில வரணும், அவன் வாயத் திறந்து கேக்கமாட்டான், நீதான் விட்டுக்கொடுக்கணும்னு தலைப்பாடா அடிச்சுக்கிட்டேன். எல்லாம் நல்லபடியா மாறி வந்த நேரத்துல ஒரு காகிதத்தக் கோட்டை விட்டுட்டானே!" என்றாள்.

என் கை மாவுக்குள் அப்படியே நின்றுவிட்டது. "மறுபடி சொல்லு" என்றேன். சொன்னாள். "கோச் மாத்தவே இல்ல, மனாங். கோச்சுக்குத் தெரியவே தெரியாது. இவன் வந்து சொன்னான், நாங்க நம்பினோம்" என்றேன். அவள் என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். முதல் அடுப்பு ரொட்டி அத்தனையும் கருகிவிட்டது. ஊருக்கு இன்று ரொட்டி கிடையாது.

மடையா. பயந்தேன் என்று எப்படியடா எழுதினாய்? நாலு மாதமாக உன்னைக் கோழை என்று நினைத்துக்கொண்டு ஒரே தட்டில் சோற்றையும் கோபத்தையும் தின்றுகொண்டிருந்தேன். ஒரு வார்த்தை சொல்லியிருக்கக்கூடாதா? சொன்னால் அக்கா தலையில் விழும் என்று எல்லாவற்றையும் உன் தலையில் போட்டுக்கொண்டாய். உன்னையும் அவளையும் ஒரே சாக்கில் கட்டித் தூக்கிப் போட்டால் என்ன என்று இருக்கிறது.

இப்போது நான் சொல்லப்போவதைக் கவனமாகப் படி. முதலில் பாய்கிறேன் என்று கோச்சிடம் கேட்டு வாங்கியது நான். ஜூன் மாதமே கேட்டேன். அவருக்கு என்னை இரண்டாவதாக விடத்தான் இஷ்டம். நான் விடவில்லை. ஏன் தெரியுமா? முதல் ஆள் நீந்தி முடித்து மேலே ஏறி, மூச்சு வாங்கி, கண்ணில் இருக்கிற தண்ணீரைத் துடைத்துக்கொண்டு, கடைசி ஆள் வருகிற சுவருக்கு மேலே வந்து நிற்க நேரம் இருக்கும். நீ வந்து தொடுவதை அங்கே நின்று பார்க்கவேண்டும் என்று இருந்தேன். என் தலைக்கு நேர் கீழே, என் தம்பி. மூன்று போட்டியில் நான் எத்தனையோ பேர் தொடுவதைப் பார்த்துவிட்டேன், எல்லாம் வேறு நாட்டுக்காரன் பிள்ளைகள். அதனால்தான் நீ வந்து கேட்டபோது சிரித்தேன். சொல்ல வெட்கமாக இருந்தது, துண்டை எறிந்தேன்.

நீ வந்து, "கோச் மாத்திட்டாரு குயா, நீங்க கடைசி" என்றாயே, அப்போது எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. நான் தொட்டு நிமிர்ந்து பார்த்தபோது நீ மேலே நின்று கத்திக்கொண்டிருந்தாய். அது நான் நிற்கவேண்டிய இடம் என்றுதான் நினைத்தேன்.

பதக்கம் போனால் போகட்டும். அது வலிக்கவில்லை என்று பொய் சொல்லமாட்டேன், வலிக்கிறது. ஆனால் உன்னிடம் பேசாமல் இருந்ததுதான் அதைவிட வலித்திருக்கிறது, இன்று காலைதான் தெரிந்தது. இன்றைக்கே கோச்சுக்கும் எழுதப்போகிறேன். ஒரு நாளில் இரண்டு கடிதம், என் கை ஒடிந்துவிடும். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன், உன்னை மறுபடி சேர்த்துக்கொள்வதும் விடுவதும் அவர் பாடு. சேர்த்துக்கொண்டால் அடுத்த போட்டிக்கு நான் டிக்கெட் எடுத்துக்கொண்டு வருவேன். சேர்க்காவிட்டால் இங்கே படகுத்துறையில் இருந்து கல்மேடு வரைக்கும் நீ நீந்தி வா. நான் கல்மேட்டில் நிற்கிறேன்.

லீவு இல்லை, கம்பெனி என்று இன்னொரு கடிதம் எழுதினால் மணிலாவுக்கு வந்து உதைப்பேன்.

செல்மோ

மனாங் ஏதோ எழுதவேண்டும் என்று பக்கத்திலேயே நிற்கிறாள். வேண்டாம், நீ எழுதியது போதும் என்றேன். பேனாவைப் பிடுங்கிக்கொண்டாள்.

டோங். எனக்கு எழுத ஒன்றும் வரவில்லை. வா.